ஐப்பசி மழைக்கு முன் சுவரா, மண் மூடாக்கா?

கேள்வி: கோத்தகிரிக்கு அருகே, சரிவான பதினைந்து சென்ட் நிலத்தில் வீடு கட்டத் தொடங்கியிருக்கிறோம். முறையாக அனுமதி பெற்று, மே மாதக் கடைசியில் இயந்திரம் வைத்து மண்ணை வெட்டித் தளத்தைச் சமப்படுத்தினோம். வெட்டிய மண் முழுவதும் நிலத்தின் கீழ் விளிம்பில் குவிந்து கிடக்கிறது. ஜூலையில் பெய்த இரண்டு மூன்று மழையிலேயே சிவப்புச் சேறு வழிந்து, கீழே உள்ள பக்கத்து நிலத்தின் தேயிலைச் செடிகளுக்குள்ளும், அதற்கும் கீழே ஊரார் தண்ணீர் எடுக்கும் ஊற்றிலும் இறங்கிவிட்டது. அந்த நிலத்துக்காரர் எங்களுக்குச் சித்தப்பா முறை. மிகுந்த கோபத்தில் இருக்கிறார். ஒப்பந்தக்காரர் பச்சை வலை கட்டிப் பார்த்தார், பயனில்லை. கீழ் எல்லையில் ஆறடி உயரத்துக்குச் சிமெண்டுக் கல் சுவர் எழுப்பினால் தண்ணீரை நிறுத்திவிடலாம் என்கிறார் மேஸ்திரி. ஐப்பசி மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. சுவர் எழுப்பலாமா? வேறு வழி உண்டா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, வணக்கம். சுவரை இப்போது எழுப்ப வேண்டாம். அதற்கென ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை மட்டும் எடுத்து, அடுத்த ஆறு வாரங்களில் வேறு சில வேலைகளைச் செய்து முடியுங்கள். அந்த வேலைகள் எவை, ஏன் அந்த வரிசையில் செய்யப்பட வேண்டும் என்பதை விளக்குவதற்கு முன், உங்கள் வீட்டுச் சமையலறையிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சிறு சோதனையைச் சொல்கிறேன். அதைச் செய்து பார்த்தால், மேஸ்திரியிடமும் ஒப்பந்தக்காரரிடமும் நீங்கள் பேசும் பேச்சே மாறிவிடும்.

ஒரு கண்ணாடி ஊறுகாய்ப் பாட்டிலை எடுத்து, கால் பாகம் அந்த மண் குவியலிலிருந்து எடுத்த மண்ணைப் போட்டு, கழுத்து வரை தண்ணீர் ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்கி, அசையாத இடத்தில் வையுங்கள். சில விநாடிகளில் மணல் அடியில் தங்கிவிடும். பத்து நிமிடம் ஆவதற்குள் அதன் மேல் மெல்லிய பொடி மண், அதாவது வண்டல், ஒரு படலமாகப் படியும். அதற்கு மேல் நிற்கும் தண்ணீர் மட்டும் செங்காவி நிறத்திலேயே இருக்கும். மறுநாள் காலையில் எழுந்து பார்த்தாலும் முழுவதும் தெளிந்திருக்காது. அந்த நிறம் களிமண்ணின் நிறம். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மணல் துகள், அசையாத தண்ணீரில் ஒரு மீட்டர் ஆழம் இறங்க ஏறத்தாழ இரண்டு நிமிடம் போதும். மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கே உள்ள களிமண் துகளுக்கு அதே ஒரு மீட்டர் இறங்க மூன்று நாளுக்கும் மேலாகும். அதுவும் ஆடாமல் அசையாமல் நிற்கும் தண்ணீரில்தான். சரிவில் ஓடும் தண்ணீரில் அது இறங்கவே இறங்காது.

நீலகிரியின் செம்மண், நெடுங்காலமாகப் பாறை சிதைந்து உருவான, களிமண் மிகுந்த மண். பச்சை வலை ஏன் பயன்படவில்லை என்பதற்கு உங்கள் பாட்டிலிலேயே விடை இருக்கிறது. நிழலுக்காக நெய்யப்பட்ட அந்த வலையின் கண்கள், இந்தத் துகள்களோடு ஒப்பிட்டால் வாசற்கதவு போன்றவை. இதிலிருந்து பெற வேண்டிய முதன்மையான பாடம் ஒன்று உண்டு: கிளம்பிவிட்ட களிமண்ணைக் கீழே நின்று பிடிப்பது எந்தத் தடுப்பாலும் முழுமையாக முடியாது. ஆகவே மண் தன் இடத்தைவிட்டுக் கிளம்பாமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் வேலையின் பெரும்பகுதி. பிடிப்பது அதற்குப் பிறகு வருவது, மீதியைக் குறைப்பதற்காக மட்டும்.

சுவரைப் பற்றி இப்போதே சொல்லி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் என்னை உண்மையில் கவலைகொள்ளச் செய்தது அதுதான். தண்ணீரை நிறுத்துவதற்காக என்று எழுப்பப்படும் சுவர், தண்ணீரை நிறுத்தத்தான் செய்யும். ஆறடிச் சுவருக்குப் பின்னால் மண்ணில் தண்ணீர் முழுவதும் ஏறி நின்றால், அந்தத் தண்ணீர் மட்டுமே சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஏறத்தாழ 1.6 டன் விசையோடு வெளிப்புறம் தள்ளும். ஈரமான மண்ணின் அழுத்தம் அதற்கு மேல் தனி. உங்கள் கீழ் எல்லை இருபது மீட்டர் என்று வைத்துக்கொண்டால், முப்பது டன்னுக்கு மேற்பட்ட தள்ளுவிசை. புதிதாகக் கொட்டிய, இன்னும் இறுகாத மண்ணின் ஓரத்தில் அஸ்திவாரம் போட்டு எழுப்பிய சுவர் அதைத் தாங்கும் என்று நம்ப எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. அது சரிந்தால் வெறும் சேறு போகாது. கல்லும் சேர்ந்து உங்கள் சித்தப்பாவின் தேயிலைக்குள் போகும். மலைப்பகுதியில் சுவர் கட்டுவது தவறு என்று நான் சொல்லவில்லை. பின்புறம் ஒரு அடி கனத்துக்கு ஜல்லி நிரப்பி, சுவரில் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாகத் தண்ணீர் கசிந்து வெளியேறும் குழாய்கள் வைத்து, வெட்டப்படாத பழைய தரையில் அஸ்திவாரம் பதித்து, கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் கணக்கிட்டுத் தந்த வரைபடத்தின்படி, அடுத்த கோடையில் கட்டுங்கள். கம்பிக் கூண்டில் கல் அடுக்கும் முறை, தண்ணீரைத் தானாகவே வெளியே விட்டுவிடுவதால், உங்கள் நிலத்துக்கு இன்னும் பொருத்தமாக இருக்கலாம்.

இனி, செய்ய வேண்டிய வேலைகளைச் சொல்கிறேன்.

முதல் வேலை நிலத்தின் கீழே இல்லை, மேலே இருக்கிறது. உங்கள் பதினைந்து சென்ட் என்பது ஏறத்தாழ 600 சதுர மீட்டர். அதன் மேல் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால், உள்ளே விழும் தண்ணீர் 6,000 லிட்டர். சிறிய தண்ணீர் லாரி ஒன்றின் கொள்ளளவு. ஆனால் உங்கள் நிலத்துக்கு மேலே ஒரு ஏக்கர் சரிவு இருந்து, அதன் தண்ணீர் உங்கள் தளத்தை நோக்கி இறங்குமானால், அதே ஒரு சென்டிமீட்டர் மழையில் அங்கு விழுவது 40,000 லிட்டர். நிலம் ஊறிய பிறகு அதில் பெரும்பகுதி உங்கள் வெட்டிய மண்ணின் மீதுதான் வந்து பாயும். உங்கள் கடிதத்தில் மேல் நிலத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கட்டுமானம் செய்பவர்கள் பெரும்பாலும் தம் எல்லைக் கல்லுக்கு மேலே நிமிர்ந்து பார்ப்பதே இல்லை. மேல் எல்லையை ஒட்டி, வெட்டு முகத்தின் (மண்ணை வெட்டியதால் தளத்துக்குப் பின்னால் சுவர் போல நிற்கும் பக்கத்தின்) உச்சியிலிருந்து சற்றுத் தள்ளி, ஒன்றரை அடி அகலமும் ஓரடி ஆழமும் உள்ள வாய்க்கால் ஒன்றைச் சரிவுக்குக் குறுக்கே வெட்டுங்கள். நூறடிக்கு ஓரடி என்ற அளவுக்கு மட்டும் அதற்கு வாட்டம் கொடுத்தால் போதும். அதற்கு மேல் கொடுத்தால் வாய்க்காலே அரித்துக்கொண்டு போகும். அடியிலும் பக்கங்களிலும் கருங்கல் பதியுங்கள். இதன் கடைவாய் எங்கே முடிகிறது என்பதுதான் இதில் மிக முக்கியம். பாறை தெரியும் இடத்திலோ, ஏற்கெனவே கட்டப்பட்ட சாலையோர வடிகாலிலோ, இயற்கையான ஓடையிலோ அது முடிய வேண்டும். சித்தப்பாவின் நிலத்தின் தலைப்பில் கொண்டுபோய் விட்டுவிட்டால், சேற்றுக்குப் பதிலாக வெள்ளத்தை அனுப்பியவர் ஆவீர்கள்.

இந்த வாய்க்கால் உங்கள் ஊருக்குப் புதியதல்ல. சுற்றியுள்ள பழைய தேயிலைத் தோட்டங்களில் நடந்து பாருங்கள். சரிவுக்குக் குறுக்கே வெட்டிய வாய்க்கால்களில், சில அடிக்கு ஒரு முறை வெட்டாமல் விட்ட சிறு மண் தடுப்புகளைக் காணலாம். தண்ணீர் ஒவ்வொரு குழியிலும் நின்று, மண்ணை இறக்கிவிட்டு, தடுப்பின் மேல் வழிந்து அடுத்த குழிக்குப் போகும். தோட்டத்து ஆட்கள் தலைமுறைகளாகச் செய்துவரும் இந்த வேலையில் பழகிய முதியவர் ஒருவரை ஒரு நாள் கூலிக்கு அழைத்து வாட்டம் பார்க்கச் சொன்னால், கருவி வைத்துப் பார்க்கும் இளைஞரைவிட அவர் உங்களுக்குக் கூடுதலாக உதவக்கூடும்.

இரண்டாவது, அந்த மண் குவியல். அது இருக்கும் இடம் மிகவும் தவறான இடம். சரிவின் விளிம்பில், பழைய புல் தரையின் மேல், இறுக்காமல் கொட்டிய மண், மழையில் ஊறும்போது எடை கூடி, அடியில் உள்ள புல்லின் மேலேயே வழுக்கி இறங்கக்கூடியது. 2009 நவம்பரில் நீலகிரியில் என்ன நடந்தது என்பது உங்கள் ஊரில் வயது வந்த ஒவ்வொருவருக்கும் நினைவிருக்கும். கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவாகி, மாவட்டம் முழுவதும் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. வடகிழக்குப் பருவமழையை நேருக்கு நேர் வாங்கும் கிழக்குச் சரிவு உங்களுடையது. ஆகவே அந்தக் குவியலில் எவ்வளவு மண் வீட்டுத் தளத்துக்கும் தோட்டத்துக்கும் தேவைப்படும் என்று இப்போதே கணக்கிட்டு, மிச்சத்தை அனுமதி பெற்ற இடத்துக்கு அகற்றுங்கள். மண்ணை வெளியே கொண்டுசெல்வதற்குத் தனி அனுமதி தேவை. நீலகிரியில் மண் அள்ளும் இயந்திரங்களுக்கு ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்பதால், நீங்கள் ஏற்கெனவே பெற்ற அனுமதியின் காலம் முடிந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

நிறுத்திவைக்கும் மண்ணை விளிம்பிலிருந்து உள்ளே, வெட்டிய கெட்டித் தரையின் மேல், ஆள் உயரத்துக்கு மேற்படாமல், பக்கங்கள் இரண்டடி அகலத்துக்கு ஓரடி உயரம் என்ற சாய்வில் இருக்கும்படி குவித்து, மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டி, மூடிவிடுங்கள். மேல் மண், அதாவது அரையடி ஆழத்துக்குக் கறுத்த நிறத்தில் இருக்கும் மண், தனியாகக் கிடைக்குமானால் அதை மட்டும் பிரித்துத் தனிக் குவியலாக வையுங்கள். வீடு முடிந்த பிறகு செடி வளர்க்க அதைப் போன்றது வேறு கிடையாது; அடியிலிருந்து வந்த செம்மண்ணில் புல்கூட எளிதில் வேர்பிடிக்காது.

மூடுவதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த முழு வேலையிலும் மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பயன் தருவது இதுதான். பெரிய மழைத்துளி ஒன்று தரையைத் தொடும்போது விநாடிக்கு ஒன்பது மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வருகிறது. வெறும் மண்ணில் விழும் ஒவ்வொரு துளியும் ஒரு சிறு குழியைப் பறித்து, களிமண்ணை மேலே தெறிக்கவிடுகிறது. தெறித்த களிமண் மண்ணின் துளைகளை அடைக்கிறது. அடைபட்ட மண்ணுக்குள் தண்ணீர் இறங்காமல் மேலேயே ஓடுகிறது. ஓடும் தண்ணீர் தெறித்ததை அள்ளிக்கொண்டு போகிறது. உங்கள் தளத்தை ஒட்டிய வெள்ளைச் சுவரோ கம்பமோ இருந்தால், மழை விட்டதும் அதன் அடியில் பாருங்கள்: முழங்கால் உயரத்துக்குச் செம்புள்ளிகள் தெறித்திருக்கும். அந்தப் புள்ளிகள்தான் அரிப்பின் தொடக்கம். துளிக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு மூடாக்கு இருந்தால், இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியே அறுந்துவிடுகிறது.

அமெரிக்க வேளாண் துறையில் பணியாற்றிய விஷ்மையரும் ஸ்மித்தும் 1965இல் வெளியிட்ட மண் இழப்புச் சமன்பாடு இன்றும் உலகெங்கும் பயன்பாட்டில் இருக்கிறது. மழையின் வலு, மண்ணின் தன்மை, சரிவின் நீளமும் செங்குத்தும், நிலத்தின் மூடாக்கு, பாதுகாப்பு முறைகள் ஆகியவற்றைப் பெருக்கினால் கிடைப்பது மண் இழப்பு. இவற்றில் மழை உங்கள் கையில் இல்லை, மண்ணும் இல்லை. மூடாக்கு முழுவதும் உங்கள் கையில் இருக்கிறது. வைக்கோல் போன்ற மூடாக்கு தரை தெரியாதபடி பரப்பப்பட்டால், வெறும் மண்ணில் ஏற்படும் இழப்பு பத்தில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழாகவோ குறைந்துவிடுகிறது. வேறு எந்தத் தடுப்பும் இந்த விலையில் இவ்வளவு செய்வதில்லை.

வைக்கோல் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏற்றி வரவேண்டும் என்று தயங்க வேண்டாம்; தேயிலைக் கவாத்து செய்த கொப்புகள், உலர்ந்த புல், சில்வர் ஓக் சருகு ஆகியவை உங்களைச் சுற்றிக் கிடைப்பவையே. சமமான தளத்திலும் குவியலின் மேலும் இரண்டங்குலக் கனத்துக்குப் பரப்பி, காற்றில் பறக்காமல் இருக்கக் கொப்புகளை மேலே குறுக்காகப் போடுங்கள். உண்ணிச்செடியை வெட்டிப் போடுவதானால் காய் இல்லாததாகப் பார்த்துப் போடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு அதுவே உங்கள் தோட்டமாகிவிடும்.

சரிவான பகுதிகளுக்கு மூடாக்கு மட்டும் நிற்காது. அங்கே தென்னை நார்க் கயிற்றால் நெய்த வலை விரிப்பைப் பயன்படுத்துங்கள். கயிறு வாரியம் பரிந்துரைக்கும் இந்த விரிப்பு சதுர மீட்டருக்கு 400, 700, 900 கிராம் என்ற எடைகளில் வருகிறது; உங்கள் சரிவுக்கு 700 கிராம் எடையுள்ளது பொருந்தும். விரிப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். உச்சியில் ஓரடி ஆழத்துக்குச் சிறு பள்ளம் எடுத்து, விரிப்பின் தலையை அதற்குள் இறக்கி, மண்ணிட்டு மிதித்துப் புதைக்க வேண்டும். பிறகு மேலிருந்து கீழாக உருட்டி விரித்து, மீட்டருக்கு ஒரு முளை அடித்து, தரையோடு தரையாக ஒட்டவைக்க வேண்டும். கைவிரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் அதற்கடியில் தண்ணீர் தனக்கென ஒரு வழி அமைத்துக்கொள்ளும். இரண்டு விரிப்புகள் சேரும் இடத்தில், ஓடு வேய்வதைப் போல, மேல் விரிப்பு கீழ் விரிப்பின் மேல் அரையடி படிந்திருக்க வேண்டும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், ஒரு மலைச்சரிவில் வெட்டிய மண்ணின் மேல் பெரிய தார்ப்பாய்களைப் போர்த்தி, ஓரங்களில் கல் வைத்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பினேன். தலைப்பைப் புதைக்கவில்லை, மேலிருந்து வரும் தண்ணீரைத் திருப்பவும் இல்லை. இரவு முழுவதும் பெய்த மழையில் தண்ணீர் தார்ப்பாயின் அடியில் புகுந்து, வெளியே எதுவும் தெரியாமல், இடுப்பளவு ஆழத்துக்கு ஒரு ஓடையையே பறித்துவிட்டது. காலையில் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தபோது, மேலே எந்தச் சிதைவும் தெரியாமல் இருந்த அதே இடத்தின் அடியில் சரிவு இரண்டாகப் பிளந்து கிடந்தது. மூடாக்கையும் மேல் வாய்க்காலையும் அதன் பிறகு நான் பிரித்துப் பார்த்ததே இல்லை.

விரிப்பின் கண்களுக்கிடையே புல் நட வேண்டும். நார் இரண்டு மூன்று ஆண்டுகளில் மக்கிப் போகும், அதற்குள் வேர் அந்த வேலையை ஏற்றுக்கொள்ள வேண்டும். வெட்டிவேரைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். மூன்று மீட்டர் ஆழம் வரை வேர்விடும் அருமையான புல்தான். ஆனால் உங்கள் உயரத்தின் குளிரில் அது மெதுவாகவே கிளைக்கும், இந்த ஐப்பசிக்குள் உங்களைக் காப்பாற்றாது. உடனடிப் பிடிப்புக்குக் கிகுயூ புல்லின் தண்டுகளை நெருக்கமாக நடுங்கள். விளிம்புகளில் வரிசையாக நிற்க, தேயிலைத் தோட்டங்களில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய குவாத்தமாலா புல் நல்லது. ஆகஸ்டு முடிவதற்குள் நட்டால்தான் பெருமழைக்கு முன் வேர் பிடிக்கும். உதகையில் 1954 முதல் இயங்கிவரும், இந்திய மண் மற்றும் நீர்ப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆராய்ச்சி மையம் இந்த மலைகளின் மண்ணையே ஆய்வுப் பொருளாகக் கொண்டது. நேரில் சென்று கேட்பது பயன்தரும்.

இவ்வளவும் செய்த பிறகு கிளம்பும் மண்ணைத்தான் நாம் பிடிக்கப் போகிறோம். அதற்குப் படிவுக்குழி வேண்டும். வெளிநாட்டு விதிகளில், மண் வெட்டிய நிலத்துக்கு எக்டேருக்கு ஏறத்தாழ 250 கன மீட்டர் என்று கொள்ளளவு வகுத்திருக்கிறார்கள். உங்கள் நிலத்துக்கு அது 15 கன மீட்டர், அதாவது ஐந்து மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம். ஆனால் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு கீழ் விளிம்பில் ஒரு பெரிய குழியை வெட்டிவிடாதீர்கள். சமவெளியில் அது சரி. சரிவின் விளிம்பில், அதுவும் கொட்டிய மண்ணில் தேங்கும் தண்ணீர், கீழ்நோக்கி ஊறி, நாம் தவிர்க்க நினைக்கும் சரிவையே வரவழைக்கும். அதே கொள்ளளவை மூன்று சிறு குழிகளாகப் பிரித்து, வெட்டப்பட்ட கெட்டித் தரையில், தளத்தின் பக்கவாட்டில், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழியும்படி அமையுங்கள். உட்புறம் தடித்த தார்ப்பாய் விரியுங்கள். தண்ணீர் ஒரு முனையில் நுழைந்து எதிர் முனையில் வழியட்டும். வழியும் வாயில் கல் பரப்புங்கள். மூன்றில் ஒரு பங்கு மண் நிறைந்ததும் வாரி எடுத்துக் குவியலோடு சேர்த்து மூடிவிடுங்கள். மணலும் வண்டலும் இதில் தங்கும்; களிமண்ணில் ஒரு பகுதி தப்பித்தான் போகும். படிகாரம் கலந்தால் தெளியும் என்று யாராவது சொல்லலாம்; கீழே குடிநீர் ஊற்று இருக்கும்போது, அளவு தெரியாமல் எதையும் கலக்காதீர்கள்.

கீழ் எல்லையில் பச்சை வலைக்குப் பதிலாக, நெய்த பாலிபுரோப்பிலீன் மண்துணியோ, அது கிடைக்காவிட்டால் இரண்டு மடிப்பாகத் தைத்த சாக்குத் துணியோ கட்டுங்கள். இரண்டரை அடி உயரம் போதும். ஆறடிக்கு ஒரு யூகலிப்டஸ் கழி நட்டு, துணியின் அடி விளிம்பை அரையடி ஆழப் பள்ளத்தில் இறக்கி மண்ணிட்டு மிதிக்க வேண்டும். இந்த அரையடியைச் செய்யாத தடுப்பு, தரைக்கும் துணிக்கும் நடுவே சேற்றை வழியவிட்டுக்கொண்டு நிற்கும். சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் செல்லும் சம உயரக் கோட்டில் கட்டி, இரு முனைகளையும் மேல்நோக்கி வளைத்துவிடுங்கள். தண்ணீர் ஓடையாகச் சேர்ந்து வரும் இடத்தில் துணி நிற்காது. அங்கே கல் அடுக்கிய சிறு தடுப்புகளை, கீழ்த் தடுப்பின் தலையும் மேல் தடுப்பின் அடியும் ஒரே மட்டத்தில் வருமாறு, படிபடியாக அமைக்க வேண்டும்.

சாலையோரத்தையும் மறந்துவிடக் கூடாது. லாரி நுழையும் வாயில், இடம் இருக்கும் அளவுக்கு, இரண்டங்குல மூன்றங்குலக் கற்களை அரையடிக் கனத்தில் பரப்பினால், சக்கரத்துச் சேறு பெரும்பாலும் அங்கேயே உதிர்ந்துவிடும். சாலைக்கு வந்த மண்ணைக் காய்ந்ததும் கூட்டி அள்ளுங்கள். குழாய் வைத்துக் கழுவினால் அது வடிகால் வழியே ஊற்றுக்கும் ஓடைக்கும்தான் போகும், முடிவில் பவானியில் போய்ச் சேரும். சிமெண்டுக் கலவை கழுவிய தண்ணீர் காரத்தன்மை மிகுந்தது. அதற்கென்று தார்ப்பாய் விரித்த தனிக் குழி ஒன்று வையுங்கள்.

தளத்துக்குப் பின்னால் உள்ள வெட்டு முகத்தை நீங்கள் எவ்வளவு உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டியிருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. காய்ந்த செம்மண் மூன்று மீட்டர் உயரத்திலும் சுவர் போல நிற்கும். அந்த வலு ஈரம் ஏறியதும் குறைந்துவிடும். இரண்டு மீட்டருக்கு மேல் இருந்தால், மண்ணின் உறுதியை ஆராயும் நிலத்தொழில்நுட்பப் பொறியாளர் ஒருவரை நேரில் வரவழைத்துக் காட்டாமல், அதனடியில் ஆட்களை வேலை செய்ய விடாதீர்கள். உச்சியில் கைவிரல் நுழையும் வெடிப்பு, மேலே நிற்கும் மரம் சாய்தல், இதுவரை இல்லாத இடத்தில் கலங்கலாகத் தண்ணீர் ஊறுதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே ஆட்களை அப்புறப்படுத்திவிட்டு, வருவாய்த் துறைக்குத் தெரிவியுங்கள். தொழிலாளர் கொட்டகை இப்போது அந்த வெட்டு முகத்தின் அடியில் இருக்குமானால், இந்தப் பதிலைப் படிக்கும் நாளிலேயே அதை இடம் மாற்றுங்கள்.

உங்கள் சித்தப்பாவைப் பற்றி. அவருடைய கோபம் நியாயமானது. வேலையைத் தொடங்குவதற்கு முன் அவர் வீட்டுக்குப் போய், என்ன செய்யப் போகிறீர்கள், எந்த வாரத்தில் எது முடியும் என்று சொல்லுங்கள். தேயிலைத் தூர்களைச் சுற்றிப் படிந்த சேற்றை மண்வெட்டியால் அல்லாமல் கையால் அகற்ற இரண்டு ஆட்களை உங்கள் செலவில் அனுப்புங்கள். மண்வெட்டி மேலோட்டமான வேர்களை அறுத்துவிடும். ஊற்றைத் தூர்வாரும் வேலையை ஊர்ப் பெரியவர்களின் முன்னிலையில், அவர்கள் சொல்லும் முறையில் செய்யுங்கள். ஊற்று தெளியும் வரை அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பயன்படுத்தும்படி வீடுகளுக்குச் சொல்லிவிடுவதும் உங்கள் கடமை.

முதல் நல்ல மழை வரும்போது குடையை எடுத்துக்கொண்டு தளத்துக்குப் போய், பாதுகாப்பான இடத்தில் நின்று, தண்ணீர் உண்மையில் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். தாளில் நாம் வரைந்த வழியும் தண்ணீர் எடுத்துக்கொள்ளும் வழியும் ஒன்றாக இருப்பது அரிது. நேர்ச்சுவருள்ள ஒரு பாத்திரத்தைத் திறந்த வெளியில் வைத்து மழையின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று கண்ணாடிப் பாட்டில்களை எடுத்துச் செல்லுங்கள்: மேல் வாய்க்காலின் கடைவாயில் ஒன்றும், கடைசிப் படிவுக்குழி வழியும் இடத்தில் ஒன்றும், ஊற்றில் ஒன்றுமாக நிரப்பி, தேதி எழுதி ஒட்டி, ஒரு மணி நேரம் கழித்துச் சன்னல் வெளிச்சத்தில் வரிசையாக வைத்துப் படம் எடுங்கள். முதல் பாட்டில் தெளிவாகவும் இரண்டாவது மட்டும் கலங்கலாகவும் இருந்தால் மூடாக்கில் எங்கோ இடைவெளி இருக்கிறது. முதல் பாட்டிலே சிவந்திருந்தால் மேல் நிலத்தில் பார்க்க வேண்டியது இருக்கிறது. அந்தப் படத்தையும் மழை அளவையும், வெட்டு முகத்தின் உயரத்தையும் எனக்கு அனுப்பிவையுங்கள்; சுவரை எங்கே, எந்த வகையில் எழுப்பலாம் என்பதை அதன் பிறகு எழுதுகிறேன்.